வீட்டில் கட்டும் விமானத்துக்கு எளிய மின் அமைப்பு: ஆல்டர்னேட்டர் செத்துப்போகும் நாளிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி சுருக்கமாக இது. நண்பர் ஒருவர் அமெரிக்காவில் தன் வீட்டு கராஜில் ஆர்.வி-9ஏ விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். இறக்கையும் உடலும் முடிந்துவிட்டன. எஞ்சின் லைக்கமிங் ஓ-320, கார்புரேட்டர் வைத்தது, இரண்டு மேக்னெட்டோ. பெரும்பாலும் பகலில், நல்ல வானிலையில்தான் பறப்பார். எப்போதாவது இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டியிருக்கும். "மின் அமைப்பை எளிமையாக வைக்க ஆசை. ஆனால் யாரைக் கேட்டாலும் இரண்டு பேட்டரி, இரண்டு ஆல்டர்னேட்டர் என்று பயமுறுத்துகிறார்கள். எங்கே தொடங்குவது?" என்கிறார். (ஆல்டர்னேட்டர் என்பது எஞ்சின் சுழற்சியிலிருந்து மின்சாரம் உண்டாக்கும் இயந்திரம்.)

ஒயரைத் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். என்னென்ன கருவி வாங்கலாம் என்ற பட்டியல் அப்புறம். முதல் வரியாக இதை எழுதுங்கள்: பறந்துகொண்டிருக்கும்போது மொத்த கரண்டும் போய்விட்டால் எது நின்றுபோகும்?

உங்கள் விமானத்தில் எஞ்சின் நிற்காது. மேக்னெட்டோ தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். உள்ளே காந்தம் சுழல்கிறது, சுருளில் மின்சாரம் எழுகிறது, பாயின்ட் திறக்கும்போது பிளக்கில் பொறி பறக்கிறது. பேட்டரியைக் கழற்றி வெளியே எறிந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். பேட்டரியே இல்லாத பழைய மொபெட்டை மிதித்துக் கிளப்பி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பெட்ரோல் பம்பையும் எஞ்சினே இயக்குகிறது. எலக்ட்ரிக் பம்ப் கூடுதல் துணைதான். ஆக, கரண்ட் முழுக்கப் போனாலும் எஞ்சின் ஓடும், இறக்கை தூக்கும், கண்ணாடிக்கு வெளியே பூமி தெரியும். மின்னணு இக்னிஷனோ மின்னணு இன்ஜெக்‌ஷனோ போட்டிருந்தால் இந்தப் பத்தியையே அடித்துவிட்டு வேறு பதில் எழுத வேண்டியிருக்கும். அங்கே பேட்டரிதான் எஞ்சினுக்கு உயிர்.

சட்டமும் ஏறக்குறைய இதே பார்வையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்க விதி 91.205-ல் பகல் பறப்புக்குச் சொல்லப்பட்டுள்ள வேகமானி, உயரமானி, திசைகாட்டி, ஆயில் பிரஷர் மீட்டர் போன்றவற்றுக்கு மின்சாரம் கட்டாயம் இல்லை. எல்லாவற்றையும் பழைய முறையில் இயந்திரக் கருவிகளாகவே வைக்கலாம். இரவு என்றால் இறக்கை நுனி விளக்குகளும், மோதல் தவிர்க்கும் ஒளிரும் விளக்கும், அவற்றுக்குப் போதுமான மின் ஆதாரமும் வேண்டும். உங்கள் விமானத்துக்குத் தரப்படும் இயக்க வரம்புகளில் இது எழுதியே இருக்கும். ஆனால் இன்றைக்குப் பலரும் தனித்தனி மீட்டர் வைப்பதில்லை. எல்லாம் ஒரே திரையில் வந்துவிட்டது. அந்தத் திரைக்குக் கரண்ட் வேண்டும். அதனால் உங்கள் பட்டியலில் முதல் இடம் திரைக்கு, இரண்டாவது ரேடியோவுக்கு, மூன்றாவது, தரை ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டருக்கு. இரவில் கூடுதலாக இறக்கை விளக்கு. அவ்வளவுதான். மற்றதெல்லாம் வசதி.

என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் விமானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். டவரை அழைத்தேன், பதில் இல்லை. மறுபடி அழைத்தேன், பேசும் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் திரை மங்கியது. அப்போதுதான் பேனலின் ஓரத்தில் இருந்த சின்ன வோல்ட் மீட்டரைப் பார்த்தேன். முள் 11-க்குக் கீழே கிடந்தது. ஆல்டர்னேட்டர் எப்போது செத்ததோ தெரியாது, ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். அதுவரை எல்லாக் கருவிகளையும் பேட்டரி ஒன்றே சுமந்திருக்கிறது. ரேடியோ போய்விட்டது என்று சொல்ல டிரான்ஸ்பாண்டரில் 7600 போடலாம் என்று பார்த்தால் அதுவும் போய்விட்டது. ஓடுபாதையை ஒட்டி வட்டமிட்டு, டவரிலிருந்து நிலையான பச்சை விளக்கைக் காட்டிய பிறகு இறங்கினேன்.

தரையில் எஞ்சின் மூடியான கவுலிங்கைத் திறந்து பார்த்தேன். ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்கு மின்சாரம் தரும் ஃபீல்டு ஒயரில் மாட்டியிருந்த சிவப்பு லக் (ஒயர் முனையை நசுக்கிப் பிடிக்கும் உலோகக் காது) தன் இடத்தில் அழகாக இருந்தது. ஒயரை இரண்டு விரலால் லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. சாதாரண கட்டிங் பிளையரால் நசுக்கி அடித்த லக் அது. அடித்தவன் நான்தான்.

அன்றைக்கு ஆல்டர்னேட்டர் நின்றது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. எந்தப் பொருளும் ஒருநாள் நிற்கும். அது நின்றது எனக்குத் தெரியாமல் போனதும், தெரிந்த பிறகு செய்வதற்கு எதுவும் இல்லாமல் இருந்ததும்தான் கோளாறு. இன்னொரு ஆல்டர்னேட்டர் வைத்திருந்தாலும் அதே பிளையரால்தான் அதற்கும் லக் அடித்திருப்பேன். அதனால் என் ஆலோசனை: ஒவ்வொரு பாகமும் கட்டாயம் ஒருநாள் சாகும் என்று எடுத்துக்கொண்டு, அது சாகும் நாளில் நீங்கள் வியர்க்காமல் இறங்கும்படி படத்தை வரையுங்கள். பாகங்களைக் கூட்டுவதற்கு முன் அதைச் செய்து பாருங்கள். பெரும்பாலும் கூட்டத் தேவையே இருக்காது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு கருவியின் கையேட்டிலும் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று போட்டிருக்கும். உங்கள் மாதிரி விமானத்துக்கு உத்தேசமாக: திரை 2 ஆம்பியர், ரேடியோ கேட்கும்போது 0.5 (பேசும்போது 2.5 வரை போகும்), டிரான்ஸ்பாண்டர் 0.5, இறக்கை விளக்கு 1, ஒளிரும் விளக்கு 2, எல்.இ.டி லேண்டிங் விளக்கு 3, எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் 1 முதல் 1.5, வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டோ குழாயில் பனி உறையாமலிருக்க சூடாக்கி வைத்தால் 8 முதல் 10. பட்டியலில் எல்லோரும் மறக்கும் ஒன்று உண்டு: பேட்டரி கான்டாக்டரின் (மாஸ்டர் சுவிட்சைப் போட்டால் பேட்டரியை இணைக்கும் பெரிய மின்காந்த சுவிட்ச்) சுருள். மாஸ்டர் சுவிட்ச் ஆனில் இருக்கும் நேரம் முழுக்க அது சத்தமில்லாமல் 0.8 ஆம்பியர் வரை தின்றுகொண்டிருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலும் 24 ஆம்பியர் தாண்டாது. ஸ்டார்ட் செய்த பிறகு பேட்டரி திரும்ப ஏறுவதற்கு இன்னும் 10 சேர்த்துக்கொள்ளுங்கள். 40 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் தாராளம். 60 மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள், தப்பில்லை.

அடுத்து, ஆல்டர்னேட்டர் போன பிறகு எது ஓட வேண்டும் என்ற கணக்கு. திரை 2, ரேடியோ சராசரியாக 0.7, டிரான்ஸ்பாண்டர் 0.5, பேனலில் ஒரு சின்ன விளக்கு 0.2. மொத்தம் 3.5-க்குள் அடங்கும். இரவில் இறக்கை விளக்குக்கு இன்னும் 1. ஒடிசி பி.சி.680 போன்ற பேட்டரி புதிதாக இருக்கும்போது 16 ஆம்பியர்-மணி. ஏழு கிலோ எடை. பழசாகப் பழசாகக் குறையும். அதனால் முக்கால் பங்கு, 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12-ஐ 3.5-ஆல் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும், இரவில் 4.5-ஆல் வகுத்தால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். உங்கள் டாங்குகளில் 36 கேலன், மணிக்கு 8 கேலன் என்றால் நாலரை மணி நேரம் பறக்கலாம். நாலரை மணி நேரமும் ஒரே மூச்சில் பறக்கிறவர் யார்? ஆல்டர்னேட்டர் எந்த இடத்தில் செத்தாலும் அந்த நேரத்துக்குள் ஒரு நல்ல ஓடுபாதை கிடைத்துவிடும். இரண்டாவது ஆல்டர்னேட்டர் வேண்டுமா என்ற விவாதம் உங்களைப் பொறுத்தவரை இங்கேயே முடிந்துவிடுகிறது. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கிறவர்களுக்கு வேறு கணக்கு. அவர்கள் எஞ்சினின் வாக்குவம் (வெற்றிட) பம்ப் இடத்தில் 8 ஆம்பியர் கொடுக்கும் சின்ன நிரந்தரக் காந்த ஆல்டர்னேட்டரைப் பொருத்திக்கொள்வார்கள். பின்னாளில் ஆசை வந்தால் நீங்களும் பொருத்தலாம், அந்த இடம் அங்கேயேதான் இருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஆல்டர்னேட்டர் நின்ற நிமிடமே உங்களுக்குத் தெரிந்தால்தான் பலிக்கும். ஆல்டர்னேட்டர் வேலை செய்யும்போது வோல்டேஜ் 14.2, 14.4 என்று இருக்கும். நின்றவுடன் 12.5 பக்கம் இறங்கிவிடும். நடுவில் 13-ஐ எல்லையாக வைத்து, அதற்குக் கீழே போனால் கண்ணுக்கு நேரே மஞ்சள் விளக்கு மின்ன வேண்டும். மீட்டர் போதாது. மீட்டரை நாம் தேடிப் பார்க்க வேண்டும், மின்னும் விளக்கு நம்மைத் தேடி வரும். மொத்த அமைப்பிலும் செலவு மிகக் குறைந்த பொருள் இது. ஒரே ஒரு ஆலோசனைக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இனி படம். இரண்டு பஸ் போதும். (பஸ் என்றால் பித்தளைப் பட்டை அல்லது ஃபியூஸ் பெட்டி, எல்லா ஒயரும் கிளை பிரியும் இடம். நாம் ஏறும் பஸ்ஸும் இதுவும் ஒரே வேர்தான். 'எல்லோருக்கும்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வால்.) பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் பேட்டரி கான்டாக்டருக்கு, அங்கிருந்து ஸ்டார்ட்டர் கான்டாக்டருக்கு, அங்கிருந்து மெயின் பஸ்ஸுக்கு. மெயின் பஸ்ஸிலிருந்து ஒரு டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) வழியாக அத்தியாவசிய பஸ். திரை, ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், சின்ன விளக்கு, இறக்கை விளக்கு ஐந்தும் அத்தியாவசிய பஸ்ஸில். ஃபிளாப் (இறங்கும்போது தாழ்த்தும் இறக்கையின் பின்பகுதி) மோட்டார், பெட்ரோல் பம்ப், லேண்டிங் விளக்கு, பிட்டோ சூடாக்கி, ஒளிரும் விளக்கு எல்லாம் மெயின் பஸ்ஸில். அத்தியாவசிய பஸ்ஸுக்கு இன்னொரு வழியும் உண்டு: பேட்டரிக்குப் பக்கத்திலேயே 7 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, ஒரு சுவிட்ச் வழியாக நேரடி ஒயர்.

மஞ்சள் விளக்கு மின்னுகிறது என்று வையுங்கள். நேரடி வழிச் சுவிட்சைப் போடுகிறீர்கள், மாஸ்டரை அணைக்கிறீர்கள். கான்டாக்டர் தின்ற 0.8 மிச்சம். மெயின் பஸ் முழுக்க இருட்டாகிறது, திரையும் ரேடியோவும் எதுவும் நடக்காதது போல ஓடுகின்றன. டயோடு இருப்பதால் அத்தியாவசிய பஸ்ஸின் கரண்ட் மெயின் பஸ்ஸுக்குத் திரும்பி ஓடாது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தபின் மாஸ்டரை மறுபடி போட்டு, ஃபிளாப், பம்ப், லேண்டிங் விளக்கு எல்லாவற்றையும் மிச்சமிருக்கும் பேட்டரியில் தாராளமாகச் செலவழித்துக்கொண்டு இறங்கலாம். பேட்டரி கான்டாக்டரே செத்துப்போனாலும் இதே சுவிட்ச்தான் மருந்து. ஒரு டயோடு, ஒரு சுவிட்ச், ஒரு ஃபியூஸ்: மூன்று பொருளில் இரண்டு கோளாறுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

டயோடுக்கு அலைய வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 25 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், நடுவில் ஓட்டையோடு சதுர வடிவ உலோகக் கட்டியாக இருக்கும். அதை ஒரு போல்ட்டால் தகட்டில் முடுக்கி, உள்ளே இருக்கும் நாலு டயோடில் ஒன்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதன் வழியே 0.7 வோல்ட் போல இழப்பு இருக்கும். கருவிகளுக்கு அது பொருட்டே இல்லை.

கான்டாக்டர் வாங்கும்போது மட்டும் கவனம். பேட்டரி கான்டாக்டரும் ஸ்டார்ட்டர் கான்டாக்டரும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்று மணிக்கணக்கில் ஆனில் இருக்கச் செய்தது, மற்றது சில நொடிகளுக்கு மட்டும் செய்தது. மாற்றிப் போட்டால் ஸ்டார்ட்டருக்கானது பேட்டரி இடத்தில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டு, ஒருநாள் கருகும். இரண்டின் சுருளுக்கும் குறுக்கே ஒரு டயோடு கட்டுங்கள். கட்டாவிட்டால் அணைக்கும் ஒவ்வொரு முறையும் சுருளிலிருந்து கிளம்பும் பொறி மாஸ்டர் சுவிட்சின் உள்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும்.

ஆல்டர்னேட்டர் நிற்பதை விட மோசமான ஒன்று இருக்கிறது: நிற்காமல் போவது. வோல்டேஜை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் உள்ளுக்குள் கெட்டுப்போனால் ஃபீல்டுக்கு முழு வோல்டேஜும் போய், ஆல்டர்னேட்டர் 16, 18, 20 என்று ஏறும். பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும், அப்புறம் கொதிக்கும். பேனலில் இருக்கும் விலை உயர்ந்த எல்லாமும் ஒரே நாளில் போகலாம். அதற்கு ஓவர்வோல்டேஜ் காவலன் என்று சின்னத் துண்டு ஒன்று கிடைக்கிறது. 16 வோல்ட்டைத் தாண்டியவுடன் ஃபீல்டு ஒயரை வேண்டுமென்றே எர்த்தோடு ஷார்ட் செய்துவிடும். 5 ஆம்பியர் பிரேக்கர் டக்கென்று வெளியே குதிக்கும், ஆல்டர்னேட்டர் செத்துவிடும். செத்தால் என்ன செய்வது என்றுதான் ஏற்கனவே பார்த்துவிட்டோமே. இந்த ஒரு இடத்தில் மட்டும் ஃபியூஸ் வேண்டாம், பிரேக்கர்தான் வேண்டும். இந்த ஏற்பாடு எடுபட வேண்டுமானால் ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்கு வெளியே இருக்க வேண்டும். கார் ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும். அது கெட்ட பிறகு வெளியிலிருந்து சுவிட்சை அணைத்தாலும் அது கேட்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. லித்தியம் பேட்டரி போடுகிறவர்கள் இதை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும். அதிக வோல்டேஜ் வந்தால் அதன் உள்காவல் தன்னைத் துண்டித்துக்கொண்டு ஒதுங்கிவிடக்கூடும். தாங்கிப் பிடிக்க ஆளே இருக்காது. நீங்கள் ஈயப் பேட்டரியிலேயே இருங்கள் என்பேன்.

மற்ற இடங்களில் கார்களில் வரும் பிளாஸ்டிக் ஃபியூஸ் போதும். பேனல் நிறைய பிரேக்கர் வரிசை பார்க்க ஜெட் விமானம் மாதிரி கம்பீரமாக இருக்கும், அவ்வளவுதான் அதன் பயன். ஃபியூஸ் காப்பது ஒயரை, கருவியை அல்ல. பறக்கும்போது ஒரு ஃபியூஸ் போனால் அதற்குக் காரணம் இருக்கிறது. மறுபடி போட்டுப் பார்ப்பது நெருப்புக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுப்பது. அதனால் ஃபியூஸ் பெட்டியைப் பறக்கும்போது கை எட்டாத இடத்திலேயே வைக்கலாம். தேவையான எந்தக் கருவியும் தன் ஃபியூஸைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளக் கூடாது என்பது மட்டும் விதி.

ஒயர் அளவில் ஒரு குழப்பம் வரும். அமெரிக்க கேஜில் எண் கூடினால் ஒயர் மெலிசு. 22 கேஜுக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ், 20-க்கு 7, 18-க்கு 10, 14-க்கு 15, 12-க்கு 20 என்று வைத்துக்கொண்டால் எங்கும் தப்பாது. நீளம் கூடினால் வோல்டேஜ் இறக்கமும் பாருங்கள். 20 கேஜ் ஒயர் மீட்டருக்கு 33 மில்லி ஓம். இறக்கை நுனி வரை 5 மீட்டர், லேண்டிங் விளக்கு 3 ஆம்பியர்: அரை வோல்ட் போகும், பரவாயில்லை. அதே ஒயரில் 10 ஆம்பியர் பிட்டோ சூடாக்கியை ஓட்டினால் 1.7 வோல்ட் போகும், ஒயரும் சுடும். 14 கேஜ் போட்டால் 0.4 வோல்ட்தான். ஸ்டார்ட்டருக்கு 200 ஆம்பியர் பாயும் இடத்தில் இந்தக் கணக்கு பெரிதாகும். உங்கள் பேட்டரி, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே தடுப்பாக இருக்கும் ஃபயர்வாலை ஒட்டி இருப்பதால் கேபிள் ஒரு மீட்டர் கூட வராது, 4 கேஜ் போதும். லாங்-ஈசி போல எஞ்சின் பின்னாலும் பேட்டரி மூக்கிலும் இருக்கும் விமானங்களில் போக வர 9 மீட்டர் ஆகிவிடும். 2 கேஜ் கேபிள் போட்டும் ஏறக்குறைய ஒரு வோல்ட் வழியிலேயே கரையும்.

ஒயர் டெஃப்செல் உறை போட்டதாக இருக்கட்டும். 150 டிகிரி வரை தாங்கும். பி.வி.சி எரிந்தால் அமிலப் புகை வரும், சின்ன கேபினில் கண்ணைத் திறக்க முடியாது. வீட்டுச் சுவரில் போடும் ஒற்றைக் கம்பி ஒயரை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், அதிர்வில் ஒடிந்துவிடும்.

இப்போது என் பழைய பாவத்துக்கு வருகிறேன். லக் அடிக்க ராட்செட் கருவி வாங்குங்கள். முழுக்க அழுத்தி முடிக்காமல் அது கையை விடாது, அதுதான் அதன் சிறப்பு. லக்கின் நிறம் அளவைச் சொல்லும்: சிவப்பு 22 முதல் 18 கேஜ் வரை, நீலம் 16, 14, மஞ்சள் 12, 10. உறையை 5, 6 மில்லிமீட்டர் உரியுங்கள். உரித்தபின் இழைகளை எண்ணிப் பாருங்கள்; 22 கேஜில் 19 இழை இருக்கும், 17 இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். லக்குக்குள் நுழைத்ததும் மறுமுனையில் செம்பு நுனி ஒரு மில்லிமீட்டர் எட்டிப் பார்க்க வேண்டும். நல்ல லக்கில் இரண்டு பிடி இருக்கும்: ஒன்று செம்பைப் பிடிக்கும், பின்னால் இருப்பது உறையைப் பிடிக்கும். அதிர்வைத் தாங்குவது இந்த இரண்டாவது பிடி. அடித்ததும் லக்கை ஒரு கையிலும் ஒயரை இன்னொரு கையிலும் பிடித்து, கோபத்தோடு இழுங்கள். முதல் பத்து லக்கையும் இழுத்து உடைத்துக் கற்றுக்கொள்ளுங்கள், விலை கொஞ்சம்தான். சோல்டர் வைத்தால் இன்னும் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒயரை ஒரு குச்சியாக்கிவிடும். குச்சி முடிந்து ஒயர் தொடங்கும் இடத்தில் தாங்கல் கொடுக்காவிட்டால் அங்கேதான் ஒடியும்.

எர்த் எல்லாம் ஃபயர்வாலில் ஒரே இடத்துக்கு வரட்டும். ஒரு பித்தளைத் தகடு, அதற்கு நடுவே ஒரு போல்ட் ஃபயர்வாலைத் துளைத்து அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கம் பேட்டரி எர்த்தும் எஞ்சினிலிருந்து வரும் பின்னல் பட்டையும், இந்தப் பக்கம் பேனல் கருவிகளின் எர்த். எஞ்சின் பட்டையை மறந்துவிடாதீர்கள். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டை இல்லையென்றால் ஸ்டார்ட்டரின் 200 ஆம்பியர் திரும்பிப் போக வேறு வழி தேடும். கிடைக்கும் வழி த்ராட்டில் கேபிளின் எஃகு உறை. அது சிவக்கச் சூடாகி, உள்ளே இருக்கும் கம்பி இறுகிப்போன கதைகள் உண்டு. இறக்கை விளக்குகளுக்கு மட்டும் அங்கேயே அலுமினியத்தில் பாடி எர்த் கொடுக்கலாம், உங்களுடையது உலோக விமானம் என்பதால். ஹெட்செட் சாக்கெட்டை பேனல் உலோகத்தில் படாமல் வாஷர் போட்டுப் பிரியுங்கள். அதைச் செய்யாதவர்கள்தான் பிற்பாடு காதுக்குள் ஆல்டர்னேட்டர் 'ங்ங்' என்று பாடுகிறது, எஞ்சினை முடுக்கினால் சுருதியும் ஏறுகிறது என்று ஃபில்டர் தேடி அலைவார்கள்.

மேக்னெட்டோ ஒயரில் ஒரு விபரீதம் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டு கையை வையுங்கள். வீட்டு சுவிட்ச் அணைத்தால் தொடர்பு அறுபடும். மேக்னெட்டோ சுவிட்ச் அணைத்தால் தொடர்பு ஏற்படும். எர்த் செய்துதான் அதை நிறுத்துகிறோம். அப்படியானால் அந்த ஒயர் அறுந்தால்? சுவிட்ச் அணைந்திருக்கும், மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். யாராவது ப்ரொப்பெல்லரைக் கையால் நகர்த்தினால் எஞ்சின் பற்றிக்கொள்ளலாம். அதனால் இந்த இரண்டு ஒயருக்கும் மேலே கம்பிப் பின்னல் உறை போட்ட ஒயர் வாங்கி, உறையை மேக்னெட்டோ முனையில் மட்டும் எர்த் செய்து, அந்த உறையையே சுவிட்சுக்கு எர்த்தாகக் கொண்டு வாருங்கள். இரைச்சலும் குறையும். எஞ்சினை நிறுத்துவதற்கு முன் ஐட்லிங்கில் ஒரு கணம் சுவிட்சை அணைத்துப் பார்த்து, எஞ்சின் துவள்கிறதா என்று உறுதி செய்யும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் கட்டி முடித்து முதன்முறையாகக் கரண்ட் கொடுக்கும் நாள் வரும். நம்மூர் எலக்ட்ரீஷியன்கள் சீரிஸ் லாம்ப் போட்டுச் சோதிப்பார்களே, அதே வித்தை. கருவிகளின் ஃபியூஸ் எல்லாவற்றையும் உருவிவிட்டு, பேட்டரிக்கும் விமானத்துக்கும் நடுவில் 12 வோல்ட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றைத் தொடராக மாட்டி மாஸ்டரைப் போடுங்கள். கான்டாக்டர் 'டக்' என்று இழுக்க வேண்டும், பல்பு லேசாக மினுக்கினால் போதும். பளீரென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். ஒயர் கருகவில்லை, பல்புதான் கரண்டைத் தாங்கிக்கொண்டது. பஸ்கள் சுத்தம் என்று தெரிந்தபின் பல்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஃபியூஸாகச் செருகி, ஒவ்வொரு கருவியும் இழுக்கும் ஆம்பியரை உங்கள் தாளில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம், சோதனைப் பறப்புக் காலம் 25 அல்லது 40 மணி நேரம் இருக்கும். அதில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். தெளிந்த வானம், உங்கள் விமான நிலையத்துக்கு மேலேயே 3,000 அடி. ஆல்டர்னேட்டர் ஃபீல்டை அணையுங்கள். மஞ்சள் விளக்கு மின்ன எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். நேரடி வழியைப் போட்டு, மாஸ்டரை அணைத்து, டவரோடு பேசிப் பாருங்கள். அப்படியே அரை மணி நேரம் வட்டமடித்துவிட்டு வோல்டேஜ் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு இறங்குங்கள். அந்த எண்ணை பேனலில் ஒரு சின்னச் சீட்டில் எழுதி ஒட்டி, வருடத்துக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்யுங்கள். அது கணிசமாக இறங்கிய வருடம் புது பேட்டரி வாங்கிவிடலாம்.